மணிச்சுவரில் இன்னொரு தலை

மார்ச் 3, செவ்வாய்

காலை பஸ்ஸில் வந்து இறங்கியவளை நான் கூப்பிடவில்லை. அதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரே ஒரு பையோடு, நான் கடை ஷட்டரைத் தூக்கும் நேரம் பார்த்து வந்து நின்றாள். கண் பரிசோதனைக்கு வந்தவள் என்று நினைத்து, "பத்து மணிக்கு மேல வாம்மா" என்றேன்.

"அத்தை, நான் வேணி" என்றாள்.

அத்தையாம். என் மகன் நவநீதன் பெங்களூரில் ஒரு பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதாகப் போன மாதம் சொன்னபோது நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. இப்போது கல்யாணமே நேரில் வந்து வாசலில் நிற்கிறது. நாலு பேர் பார்ப்பதற்குள் உள்ளே இழுத்துப் போட்டேன்.

மத்தியானம் அவன் கூப்பிட்டான். அவன் தங்கியிருந்த அறையை அவள் வீட்டு ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். அவன் புனேக்கு வேலை மாற்றிக்கொண்டு வீடு பார்க்கப் போகிறானாம். "எம்மா, ரெண்டே வாரம். யார் கண்ணுலயும் படாம வச்சுக்கோ. அவங்க கையில கெடச்சா உசுரோட விட மாட்டாங்க."

இதைப் போய் என்னிடம் சொல்கிறான். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவளிடம்.

கீழே கண்ணாடிக் கடை, அதற்கு மேல் வீடு, அதற்கும் மேல் மொட்டை மாடி. அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெரு ஜன்னலைத் திறக்கக் கூடாது, கடைக்கு இறங்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டீக்கார ஆவுடையப்பனிடம் வழக்கம்போல ஒரு டீதான் வாங்கினேன்.

மார்ச் 4, புதன்

இந்த ஊரில் ஓர் ஆள் வழக்கம் மாறினால் போதும், உடனே தெரிந்துவிடும். எல்லாம் கடைக்கு எதிரே இருக்கும் மணிச்சுவரால் வந்த வினை. நகராட்சிப் பலகையில் 'சூரியக் கடிகாரத் திடல்' என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொன்னால் உள்ளூர் ஆட்டோக்காரனே முழிப்பான். தெற்கே முழங்கால் உயரத்தில் தொடங்கி, வடக்கே போகப் போக மூன்று ஆள் உயரத்துக்கு ஏறும் நீளமான வெள்ளைச் சுவர். தரையில் கருங்கல் கோடுகள். சுவரின் நிழல் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் மணி. நிழல் கெட்டுவிடும் என்று சுற்றிலும் ஒரு மரம் விடவில்லை. ஆகவே திடலில் உட்காரச் சுவரின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை. காலையில் ஊரே சுவருக்கு மேற்கே இருக்கும். உச்சி தாண்டியதும் டீ கேன், பூக்கூடை, பேப்பர், சீட்டுக்கட்டு எல்லாம் தூக்கிக்கொண்டு சுவருக்குக் கிழக்கே போய்விடும். யார் எந்தக் கோட்டருகே உட்காருவார் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். ஆள் வரவில்லையென்றால் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள்.

சாயங்காலம் கதை வேறு. மேற்கே இருக்கும் என் வீட்டு நிழல் திடலில் இறங்கும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் மேலே ஒரு தளம் எழுப்பினார். அன்றோடு ஊருக்கு ஆறு மணி போயிற்று. ஆறாம் கோட்டை நிழல் தொடுவதற்குள் என் மாடி நிழல் சுவர்மேல் ஏறி அதை மூடிவிடும். அதனால் கூட்டம் கடைசியாக ஒருமுறை மேற்கே வந்து, என் வீட்டு நிழலில், சுவரைப் பார்த்து உட்காரும். மாடி நிழல் சுவரின் உச்சியை மூடினால் அன்றைய நாள் முடிந்தது. எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். "உங்க மாடி எங்க ஆறு மணியை முழுங்கிட்டுக்கா" என்று ஆவுடையப்பன் தினம் ஒரு பாட்டுப் பாடுவான்.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரம் கிடையாது. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அப்போதுதான் கடைக்கு வருவார்கள். நான் உள்ளறை இருட்டில் யாருடைய கண்ணிலாவது விளக்கடித்துக்கொண்டிருப்பேன். என் இடம் மூன்றாம் கோட்டில், பூக்காரி பிச்சம்மா பக்கத்தில். இன்றும் தவறாமல் போய் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, மொகம் வெளிறிக் கெடக்கு?" என்றாள் அவள்.

"ரத்தச்சோகை" என்றேன். ஒரு முழம் பூ வாங்கிவிட்டேன். இரண்டு முழம் வாங்க இருந்தவள், நல்லவேளை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வெயில் மேல்தளத்தை வறுத்தெடுக்கிறது. அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நேற்று ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டு, நான் சொல்லும் வரைக்கும் அதையே குடித்துக்கொண்டிருந்தாள். பயந்தவள் சமையல் அப்படித்தான் இருக்கும். நானும் அதே ரசத்தைக் குடித்தேன், எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

"அத்தை, சாயங்காலம் கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போவட்டுமா? மூச்சு முட்டுது."

யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் சூரியன் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். திடலில் இருந்து யாராவது மாடியை அண்ணாந்து பார்த்தால் கண் கூசிவிடும். பகல் முழுக்க அதைவிடப் பத்திரமான நேரம் கிடையாது. போய்க்கோ என்றேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 7, சனி

மத்தியானம் எல்லோரும் எழுந்து கிழக்கே போன பிறகு, சுவருக்கு மேற்கே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஐம்பது வயது இருக்கும். முதுகைச் சுவரில் சாய்த்து என் கடையைப் பார்த்தபடி. வெயில் உச்சந்தலையில் அடிக்கிறது, ஆள் நகரவில்லை.

"வெளியூரு" என்றான் ஆவுடையப்பன். "நெழல் அங்கிட்டுப் போயிட்டு, வாங்கண்ணேன்னு கூப்பிட்டுப் பாத்தேன். இருக்கட்டும்னுட்டாரு."

இந்த ஊரில் வெயிலில் உட்கார்ந்திருப்பவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை எதையாவது காவல் காக்க வேண்டும். அவரைப் பார்த்தால் பைத்தியம் மாதிரி இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

கடை விடுமுறை. அவருக்கு விடுமுறை இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஷட்டரைத் தூக்கினேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"தாயி, கண்ணு ரொம்ப நாளா மங்கலாத் தெரியுது. பாத்துச் சொல்லுதியளா?"

எவ்வளவு மரியாதையான குரல். நாற்காலியில் உட்கார வைத்தேன். லென்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. மேல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியில் திணறினார்.

"அதுக்குக் கீழ எல்லாம் எறும்பு ஊருத மாதிரி இருக்கு தாயி."

மாட்டி மாட்டிப் பார்த்தேன். கிட்டப்பார்வை, அதுவும் நன்றாக முற்றிப்போனது. அப்படியென்றால் இரண்டு நாளாக அங்கே இருந்து என் கடையைப் பார்த்தவருக்கு என் முகம்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது! அந்த நேரம் பார்த்து மேலே டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

அவர் தலையைத் தூக்கினார். "மேல யாரு தாயி?"

"பூனை."

"டம்ளர்ல குடிக்கிற பூனையா?" சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் மரியாதை குறையவில்லை. "பையன் எங்க இருக்காரு?"

"பெங்களூர்ல."

"ம். பெங்களூர்ல இல்லையே."

எனக்கு அடுத்த லென்ஸ் எது என்று மறந்துபோயிற்று. அவரே ஃப்ரேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெயர் வைகுண்டம் என்று எழுதச் சொன்னார். லென்ஸ் மதுரையில் இருந்து வர வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"ஆவட்டும். நான் இங்கனதான் இருப்பேன்."

மார்ச் 10, செவ்வாய்

வைகுண்டம் அவளுடைய சித்தப்பா. குரலை மாடிப்படியில் நின்று கேட்டதும் தெரிந்துகொண்டாளாம். டம்ளர் விழுந்தது அதனால்தான். நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றாள். இன்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். அப்போதுதான் சொன்னாள்.

அவளுடைய பெரியப்பா மகள் ஒருத்தி இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி போனவள். இதே சித்தப்பாதான் கண்டுபிடித்து, தன்மையாகப் பேசி, ஊரறியக் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்று கூட்டி வந்தார். மூன்றாம் நாள் வயிற்று வலி என்று சொன்னார்கள். விடிவதற்குள் எரித்துவிட்டார்கள்.

"அக்காவுக்கு வயித்து வலியே வந்ததில்ல அத்தை" என்றாள். கையில் இருந்த சோற்றை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். குடும்ப விஷயம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நான் வாழ்க்கையில் நிறையப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் பயம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 11, புதன்

காலை கூரியரில் லென்ஸ் வந்துவிட்டது. ஃப்ரேமில் பொருத்தி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவர் வந்து கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். "அவசரமில்ல தாயி."

இந்த ஆவுடையப்பனை எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்த ஆளிடம்தான் முதலில் டீ கொண்டுபோகிறானாம். எதிரே நின்றுகொண்டு மழை, தேர்தல், பருத்தி விலை என்று பேச்சு ஓயவில்லையாம். பிச்சம்மாவும் போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். கடைக்கு வந்த மருந்துக்கடைப் பையன் சொன்னான். யார் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று இப்போது புரிகிறது. இருபது வருஷமாக இவன் கையால் டீ குடித்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

எழுத முடிகிறதா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. உள்ளறையில் இருந்தவரை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன். திடலில் என் வீட்டு நிழல் இறங்கியிருந்தது. கூட்டம் முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வைகுண்டம் மட்டும் சுவரடியில், என்னைப் பார்த்தபடி. ஆவுடையப்பன் அவருக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பிச்சம்மா பூக்கூடையைக் கொண்டுபோய் அவர் மடியிலேயே வைத்துவிட்டாள்.

எல்லோர் பார்வையும் வைகுண்டத்தின் தலைக்கு மேலே இருந்தது. நானும் அங்கே பார்த்தேன்.

மாடி நிழல் சுவரில் பாதி ஏறியிருந்தது. கைப்பிடிச் சுவரின் நிழல் நேர்கோடாக இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, வெள்ளைச் சுவரில், ஒரு பெண்ணின் தலை. முடியை அவிழ்த்து விட்டிருக்கிறாள். கை மேலே போகிறது, சீப்பு இறங்குகிறது. தலை சாய்கிறது. ஓரமெல்லாம் மங்கி, ஆனால் ஆள் தலை அளவுக்கே. அவருடைய தலைக்கு ஒரு கை தூரத்தில்.

சூரியன் பின்னால் இருந்தால் யாரும் அண்ணாந்து பார்க்க முடியாது என்று கணக்குப் போட்டவள் நான். சூரியன் பின்னால் இருந்தால் நிழல் முன்னால் விழும் என்பது எனக்குத் தோன்றவில்லை. உலகத்திலேயே பெரிய நிழல் கடிகாரத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன் என்று வெளியூரில் பீற்றிக்கொள்கிறவளுக்கு!

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தான், ஒரு நொடி பேச்சை நிறுத்தினான். அந்த ஒரு நொடிதான். வைகுண்டம் கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தனக்கு மேலே எதையோ பார்ப்பதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

அவ்வளவு பக்கத்தில் இருக்கும் நிழலைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் கடைக்குள் வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு வண்டி வருது தாயி. அவ அண்ணனும் வாரான். சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் மேல வந்து கூட்டிட்டுப் போயிருதோம். சத்தம் கித்தம் வேண்டாம். நீங்க தனியா இருக்கிற பொம்பளை. புள்ளைய ரெடியா வச்சிருங்க."

அவர் போன கையோடு ஆவுடையப்பன் வந்தான். நான் அவனைத் திட்டினேன். இருபது வருஷத்தில் முதல் தடவை திட்டியது, என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. துப்புக் கொடுத்தவனே என்றது மட்டும் நினைவிருக்கிறது.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். "யக்கா, புள்ள மாடிக்கு வந்த மொத நாளே சொவத்துல பாத்துட்டோம். உங்க வீட்டுல ரெண்டாவது தலை ஏதுன்னு யாரும் கேட்டுக்கிடல. சொன்னா நீங்க பயந்துருவிய. இந்த ஆளு வந்து சொவத்துக்கு முதுகக் காட்டி உக்காந்தாரா, அவரு திரும்பிரக் கூடாதேன்னுதான் தெனம் டீயோட போயி நின்னேன். பருத்தி வெலை எனக்கென்னக்கா தெரியும்?"

பிச்சம்மா பின்வாசல் வழியாக வந்தாள். தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் பூ கொண்டுவருவாள். அங்கே ஓர் இளவட்டம் காவல் நிற்கிறான் என்றாள். "எம்மூஞ்சிய அவன் பாக்கவே இல்ல. கூடையத்தான் பாத்தான்." மேலே இருந்த வேணியைக் கண்ணால் காட்டினாள். "எஞ்சேலைய அவ கெட்டிக்கிடட்டும். கூடைய இடுப்புல வச்சிக் குனிஞ்சு போயிரட்டும். சந்து முக்குல இவன் மச்சான் ஷேர் ஆட்டோ நிக்கும்."

"சொவத்துல அவ நெழல் இல்லைன்னா அந்த ஆளு உடனே மேல வந்துருவாரே" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேறெங்காவது பார்க்க முயன்றேன்.

மார்ச் 14, சனி

நிழல் நான்காம் கோட்டில். வேணி பிச்சம்மாவின் சேலையில் நிற்கிறாள். இதற்கு மேல் எழுதக் கை வராது.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேணி கிளம்பும்போது காலில் விழப் பார்த்தாள். அதெல்லாம் வேண்டாம், கூடையைச் சரியாகப் பிடி என்று அதட்டினேன். அவள் துப்பட்டாவை எனக்குப் போட்டுவிட்டு, என் கொண்டையை அவிழ்த்தாள். நரைத்த முடி என்றேன். "நெழலுக்கு நரை தெரியாது அத்தை" என்றாள். அவள் கையும் நடுங்கியது, என் தலையும் நடுங்கியது, இரண்டுக்கும் நடுவில் சீப்பு சிக்கிக்கொண்டது. பிச்சம்மா வேணியின் நைட்டியில் அடங்காமல், அடுக்களையில் அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாடிக்கு ஏறினேன். முதுகில் சூரியன். கீழே வெள்ளைச் சுவர். அதில் என் தலை ஏறியது. என் தலையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. வைகுண்டம் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கட்டுமஸ்தான இரண்டு பேர். நான் முடியைக் கோதினேன். தலையைச் சாய்த்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண் எப்படி நிற்பாள் என்று யோசித்து அப்படி நின்றேன். முழங்கால் வலித்தது. பின்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தான், பார்க்கவில்லை. சந்தில் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் சீவிக்கொண்டே இருந்தேன்.

தூரத்தில் ஆட்டோ ஒன்று கிளம்பியது. எத்தனையோ ஆட்டோ கிளம்புகிற ஊர். அதுவாக இருக்க வேண்டும் என்று இல்லாத தெய்வத்தையெல்லாம் வேண்டினேன்.

நிழல் சுவரின் உச்சியை மூடியது. கூட்டம் கலையும் நேரம். நான் கைப்பிடிச் சுவரில் இருந்து விலகி, துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவன் அவள் அண்ணன். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினான். பிறகு, "எங்கடி அவ?" என்று கையை ஓங்கினான். என் மகன் வயது இருக்கும். நான் கண்ணைக்கூட மூடவில்லை, மூடத் தோன்றவில்லை.

"இருல" என்றார் வைகுண்டம். பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தார். "தாயி. நீங்களா?"

இடுப்பில் கை போயிற்று. காலையில் டிராயரில் இருந்து எடுத்துச் செருகியது அங்கே இருந்தது. தயாரான கண்ணாடியை வைத்துக்கொண்டு இல்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்னதே கிடையாது, அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல.

"உங்க கண்ணாடி வந்துட்டு" என்றேன்.

ஏன் வாங்கினார் என்று தெரியவில்லை. வாங்கினார். மாட்டினார். என்னைப் பார்த்தார். அண்ணன்காரன், "சித்தப்பா, அவ தூரம் போயிருக்க மாட்டா" என்று குதித்துக்கொண்டிருந்தான். வைகுண்டம் கைப்பிடிச் சுவருக்குப் போய், தெருவில் அவளைத் தேடி எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நிழல் உச்சியை மூடி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. சீட்டாடுகிறவர்கள், மருந்துக்கடைப் பையன், பேப்பர் படிக்கிற வாத்தியார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், டீ கேனோடு ஆவுடையப்பன். எல்லோரும் எழுந்து நின்று, சுவருக்கு முதுகைக் காட்டி, என் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் கம்பு, கல் ஒன்றும் இல்லை. சும்மா பார்த்தார்கள்.

வைகுண்டம் புதுக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் அவரைப் பார்த்தது. இத்தனை நாள் அவருக்கு அங்கே ஒரு கூட்டம்தான் தெரிந்திருக்கும்.

"இன்னைக்கு ஊரு நிக்குது தாயி" என்றார். குரலில் அதே மரியாதை. "நாளைக்கும் நிக்குமா?"

இறங்கிப் போனார்கள். கூட்டம் ஓர் ஆள் போகிற அளவுக்கு மட்டும் வழி விட்டது. மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நான் மாடித் தரையில் உட்கார்ந்தேன். பிச்சம்மா அரிவாள்மணையோடு ஓடிவந்து, என்னைத் தூக்க முடியாமல் அவளும் உட்கார்ந்துவிட்டாள். நைட்டி தோளில் கிழிந்திருந்தது.

வேணி ரயிலில் இருக்கிறாள். நவநீதன் வழியிலேயே போய் ஏறிக்கொண்டான். போனில் அவன் அழுதான். அவள் மட்டும் தெளிவாகக் கேட்டாள், "அத்தை, சாப்பிட்டியளா?"

மார்ச் 16, திங்கள்

புனே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறதாம்.

இங்கே வைகுண்டம் திரும்பி வந்துவிட்டார். மத்தியானம் கூட்டம் கிழக்கே போன பிறகும் மேற்கே உட்கார்ந்திருந்தார், புதுக் கண்ணாடியோடு. இப்போது என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். நான் மூன்றாம் கோட்டுக்கு டீ குடிக்கப் போகவில்லை. மதியமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அவள் போய்விட்டாள், இனி எனக்கு என்ன பயம் என்று கேட்டுப் பார்த்தேன். பயம் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதில்லை. நாளைக்கும் நிக்குமா என்றாரே, அதுதான் நாள் முழுக்கக் காதில் ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்குள் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் இருந்து ஆவுடையப்பன் கத்தினான்.

"யக்கா! ஓ, கண்ணாடிக்கார யக்கா!"

இரண்டு வாரமாக மூடியிருந்த ஜன்னலைத் திறந்தேன். "என்னல?"

"நெழல் சொவத்துல பாதி ஏறிட்டு. உங்க தலையக் காணோம்."

"அதுக்கு?"

"தலையப் பாக்காம போவ மாட்டேங்காவ. எல்லாரும் ஒக்காந்திருக்காவ. எனக்கு வீட்டுல வேலை கெடக்கு, சீக்கிரம் மேல போங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நடுவில் வைகுண்டம். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஏறினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. கைப்பிடிச் சுவரருகே நின்றேன். சுவரில் ஒரு தலை மட்டும் எழுந்தது, கொண்டை போட்ட தலை. யாரோ கீழே, "அந்தா" என்றார்கள். நிழல் உச்சியை மூடும்வரை அப்படியே நின்றேன். பிறகு எல்லோரும் எழுந்து, வேட்டியைத் தட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாளைக்கும் ஏறச் சொல்வார்கள். ஏறுவேன் என்று நினைக்கிறேன்.

கீழே வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி எடுத்தேன். எடுத்தது இரண்டு பேருக்கு. கொஞ்சம் திருப்பிப் போட்டேன், குறைவாகத் தெரிந்தது, மறுபடி எடுத்தேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பதே மறந்துபோயிருந்தது.